எழிலை அழைத்த காலை

பரிதி எழுந்ததும் பாயைச் சுருட்டி மூலையில் நிறுத்தினான். மோட்டார் போட்டான். பல் விளக்கினான். பால் பாக்கெட்டைக் கத்தரித்து அடுப்பில் வைத்தான். ரவையை வறுத்து, வெங்காயம் தாளித்து, தண்ணீர் கொதித்ததும் கொட்டிக் கிளறி இறக்கினான். உப்பு போடவில்லை. எழில்மொழி இருந்தவரைக்கும் வீட்டுச் சமையல் அப்படித்தான். அவள் போன பிறகு மாற்றத் தோன்றவில்லை. சாப்பிட்டான். தட்டைக் கழுவிக் கவிழ்த்தான். சட்டையைத் தேய்த்தான். வழக்கமாக அடுத்து பூதலூர் அரிசி ஆலைக்குக் கிளம்ப வேண்டும். லாரியில் வரும் நெல்லில் ஈரப்பதம் பார்ப்பது அங்கே அவன் வேலை. இன்றைக்கு லீவு சொல்லியிருந்தான்.

இன்றைக்கு அவன் மனைவியை அழைக்கிறார்கள்.

கல்யாணம் வைத்திருக்கும் வீட்டில் தாலியோடு செத்துப்போன பெண் இருந்தால், பந்தக்கால் ஊன்றுவதற்கு முன்னால் அவளுக்குப் படைத்தாக வேண்டும். பூவாடைக்காரி என்பார்கள். புதுப்புடவை, வளையல், பூ எல்லாவற்றையும் தாம்பாளத்தில் வைத்து நீர்க்கரைக்குக் கொண்டுபோய், பம்பையும் உடுக்கையும் அடித்துக் கூப்பிட்டால், செத்தவள் குடும்பத்தில் யாராவது ஒருத்தி மேல் வந்து இறங்குவாள். கல்யாணத்துக்குச் சம்மதமா என்று கேட்பார்கள். சம்மதம் வாங்கிய பிறகு, ஒரு குடத்துத் தண்ணீரில் அவளை வீட்டுக்கு அழைத்து வருவார்கள். எழில்மொழியின் தங்கை செம்மொழிக்குப் பேராவூரணியில் மாப்பிள்ளை முடிவாகியிருந்தது. ஆகவே எழில்மொழி வந்தாக வேண்டும். புடவை எடுத்துக் கொடுக்க வேண்டியவன் புருஷன்.

பரிதி முடியாது என்று சொல்லவில்லை. சரி என்றும் சொல்லவில்லை. அவனை யாரும் கேட்கவில்லை.

மாமியார் அம்சவல்லி வாசலில் செருப்பைக் கழற்றும்போதே பேசிக்கொண்டு வந்தாள்.

"சாப்டீங்களா மாப்ள? என்ன உப்புமாவா?" சட்டியில் ஒட்டியிருந்ததை விரலால் வழித்து வாயில் வைத்தாள். முகத்தைச் சுளித்தாள். "இன்னும் உப்பில்லாமயா திங்கிறீங்க. மாட்டுக்குக்கூட கழனித் தண்ணில ஒரு கல்லு போடுவோம்."

"பழகிருச்சு அத்தை."

"புடவை?"

அவன் பையை எடுத்துக் கொடுத்தான். அரக்குச் சிவப்பு. கடைக்காரன் எடுத்துப் போட்ட முதல் புடவையையே வாங்கி வந்திருந்தான். அம்சவல்லி முந்தானையைத் தடவிப் பார்த்தாள். மடித்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"பேராவூரணிக்காரங்க வந்துட்டு இருக்காங்க. மாப்பிள்ளை வரல, அவங்க தாய்மாமன் வர்றாரு. பகலவன்னு பேரு. பஸ் கண்டக்டரா இருந்தவரு. டிக்கெட் எடுக்காதவன மூஞ்சியப் பாத்தே கண்டுபுடிப்பாராம். அவரு உங்களைத்தான் கேப்பாரு."

"என்ன கேப்பாரு?"

"மூத்த பொண்ணுக்கு வந்தது சாமியா சீக்கான்னு. யாரோ போயி, அந்த வீட்டுப் பொண்ணுங்களுக்கு வலிப்பு, மண்டைல கோளாறுன்னு ஓதிட்டானுங்க. ஊரே சாமின்னு சொன்னாலும் புருஷன் சொன்னாத்தான் நம்புவேங்கிறாராம். ஒரே ஒரு வார்த்தை, சாமிதான்னு சொல்லிருங்க. அவ கடைசியா சொன்னதையும் சொல்லிருங்க."

"கடைசியா என்ன சொன்னா?"

"என்னை வாய்க்காக் கரையிலயே வையுங்க, ஊரைப் பாத்துக்கறேன்னாளே."

"யாரு கேட்டது அத்தை?"

"எல்லாரும் சொல்றாங்க." அவள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. "போனவ போயிட்டா. இருக்கறவள கரையேத்தணும் மாப்ள."

இதில் அம்சவல்லியைக் குறை சொல்ல அவனால் முடியவில்லை. அவளுக்கு இருந்தது இரண்டு பெண்கள்.

எழில்மொழிக்கு முதன்முதலாக வந்தது காளியம்மன் திருவிழாவில். அதற்குக் கொஞ்ச நாள் முன்பிருந்தே ஒரு காது அடைத்திருந்தது. உள்ளே யாரோ ஓயாமல் மிக்சி ஓட்டுவது போல இருக்கிறது என்பாள். திருவிழாவன்று பறை உச்சத்துக்குப் போன நேரத்தில் கோயில் தூணைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். கால் நிற்கவில்லை. தலை ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டே போனது. அப்போதுதான் வாயில் போட்டிருந்த பொங்கலை அப்படியே வாந்தி எடுத்தாள். பொங்கலை ஆத்தா ஏற்றுக்கொள்ளவில்லை என்று ஒரு கிழவர் சொன்னார். உடனே வேறு பானை ஏற்றி மறுபடி பொங்கல் வைத்தார்கள். அது பொங்கி வழிந்த நேரத்தில் அவளுக்கும் தெளிந்துவிட்டது. அதற்கப்புறம் ஊருக்குச் சந்தேகமே இல்லை.

பரிதி அவளைத் தஞ்சாவூரில் காது டாக்டரிடம் அழைத்துப் போனான். டாக்டர் ஒரு தாளில் நத்தை மாதிரி படம் போட்டுக் காட்டினார். உள்காதில் ஒரு நீர் இருக்கிறது. ஊறிக்கொண்டே இருக்கும், வடிந்துகொண்டே இருக்கும். நாம் கேட்பதும் விழாமல் நிற்பதும் அந்த நீரால்தான். வடிகால் சரியில்லாத வயல் மாதிரி அது தேங்கிப்போனால், காது அடைக்கும், இரையும், கேட்பது குறையும். தேங்கியது மீறினால் உலகம் சுற்றும். உயிருக்கு ஒன்றும் ஆகாது என்றார். உப்பைக் குறைக்கச் சொன்னார். மாத்திரை கொடுத்தார். தண்ணீர்ப் பக்கம் தனியாகப் போகாதே, வண்டி ஓட்டாதே என்றார். சில குடும்பங்களில் அக்கா தங்கைக்கும் வருவதுண்டு, கவனமாக இருங்கள் என்றும் சொன்னார்.

பஸ்சில் திரும்பி வரும்போது எழில்மொழி, "இதை வீட்ல சொல்ல வேண்டாங்க" என்றாள்.

"ஏன்?"

"சாமின்னா உக்காரப் பாய் போடறாங்க, மோர் கொண்டாந்து குடுக்கறாங்க. சீக்குன்னா தங்கச்சிய யாரு கட்டுவா? இருந்துட்டுப் போவட்டும். எனக்கென்ன குறைஞ்சிருது."

அவன் அதற்குத் தலையாட்டினான். அதிலிருந்து அவளுக்குத் தலை சுற்றும்போதெல்லாம் வாசலில் ஆள் சேர்ந்தது. பையனுக்கு வெளிநாட்டு வேலை கிடைக்குமா, பசு சினையா என்று கேட்டார்கள். அவள் கண்ணை மூடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு கிடப்பாள். எதற்காவது ஊம் என்று முனகினால், கேட்டவர் சந்தோஷமாக எழுந்து போவார். பரிதி உள்ளே மாத்திரையை வைத்துக்கொண்டு, கூட்டம் கலையட்டும் என்று நிற்பான். அவன் வீட்டில் அவனுக்கே வழியிருக்காது.

போன ஆடியில், வாய்க்காலில் புதுத்தண்ணீர் வந்த சமயம், மோட்டார் பழுதானதால் துணி அலசப் போனாள். படித்துறையில் நாலைந்து பெண்கள் இருந்தார்கள். தனியாகப் போகவில்லை என்பதால் அவனும் தடுக்கவில்லை. தண்ணீர் இடுப்பளவுதான். அவளுக்கு நீச்சல் தெரியும். ஆனால் தலைக்குள் எல்லாம் சுழலும்போது மேலே எது கீழே எது என்று உடம்புக்குத் தெரியாது. அவள் கை தண்ணீரை அறைந்தது. தலை மேலே வந்து மறுபடி உள்ளே போனது. கரையில் இருந்த பெண்கள் அதைப் பார்த்தார்கள். பார்த்துவிட்டுக் கைகூப்பி நின்றார்கள். அம்மன் இறங்கியிருக்கும்போது தீட்டுப் பட்டுவிடக்கூடாது என்று எல்லாரும் படியேறி விலகி நின்றார்கள். மில்லுக்குப் போகப் பாலத்தைக் கடந்துகொண்டிருந்த பரிதிதான் பைக்கை அப்படியே போட்டுவிட்டுக் குதித்தான்.

தூக்கும்போது உயிர் இருந்தது. ஆஸ்பத்திரி போய்ச் சேரும்போது இல்லை.

மாமியார் வீட்டில் பந்தலுக்கு ஓலை வந்து இறங்கியிருந்தது. பம்பைக்காரர்கள் வேப்ப மரத்தடியில் தோலைச் சூடு காட்டிக்கொண்டிருந்தார்கள். மாமனார் காத்தான் அவனைப் பார்த்ததும் துண்டை உதறி நாற்காலியில் விரித்தார். உட்கார்ந்தான். காபி கொடுத்தார்கள். குடித்தான். யார் யாரோ தோளைத் தொட்டுவிட்டுப் போனார்கள். எதுவும் மனசுக்குள் போகவில்லை.

கைகழுவக் கொல்லைப்பக்கம் போனபோது செம்மொழி அங்கே போன் பேசிக்கொண்டிருந்தாள். தஞ்சாவூரில் ஜவுளிக்கடையில் பில் போடுகிறவள். எப்போதும் வலது கையில் போனைப் பிடித்து வலது காதில் வைத்துப் பேசிக்கொண்டே இடது கையால் எழுதுவாள் என்று அவளை எல்லாரும் கிண்டல் செய்வார்கள். இன்று போன் இடது காதில் இருந்தது. பேசி முடித்ததும் அவன் நிற்பதைப் பார்த்தாள்.

"என்ன மாமா அப்படிப் பாக்கறீங்க?"

"எந்தக் காது?"

அவள் சிரிக்கப் பார்த்தாள். வரவில்லை.

"சொல்லு."

"வலதுதான். தண்ணி போன மாதிரி அடைச்சுக்கிட்டு இருக்கு."

"எப்பலேர்ந்து?"

"நாத்து விட்டப்பலேர்ந்து. நடவு முடிஞ்சா சரியாயிரும்னு பாத்தேன்." பிறகு தானே சொன்னாள். "ரெண்டு தடவை சுத்துச்சு. ஒருக்கா கடைல. பசி மயக்கம்னு சொல்லிட்டேன்."

"மாப்பிள்ளை சேரனுக்குத் தெரியுமா?"

"அவருக்கு என்னத்தச் சொல்றது? அவரு நல்லவருதான் மாமா. தென்னந்தோப்புக்கு நடுவுல வீடு கட்டறாரு. ஜன்னல் எங்க வைக்கணும்னு எங்கிட்டக் கேட்டு வெக்கிறாரு." போனைப் பாவாடையில் துடைத்தாள். "அந்தப் பெரிய மனுசன் கேட்டா, அக்காவுக்குச் சாமின்னே சொல்லிருங்க. கல்யாணம் ஆவட்டும். நானே போயி டாக்டரப் பாத்துக்கறேன்."

"உங்க அக்காவும் இப்படித்தான் சொன்னா."

"அக்கா எனக்காகத்தான சொன்னா? அதையாவது காப்பாத்துங்க."

கையைக் கழுவினான். கழுவிய கையையே மறுபடி கழுவினான்.

பகலவன் எல்லாரும் சொன்னது போல் கறாரான ஆளாகத் தெரியவில்லை. வெள்ளைச் சட்டைப் பையில் கண்ணாடிக் கூடு. வாய்க்காலுக்குப் போகிற வழியில் கூட்டத்தை முன்னே விட்டு, பரிதியோடு சேர்ந்து நடந்தார். இருபுறமும் நட்டு வேர்விட்ட பயிர். வரப்பு அகலத்துக்கு ஒருவர்தான் நடக்கலாம், ஆகவே அவர் பின்னாலிருந்து பேசினார்.

"தம்பி, தப்பா நினைக்காதீங்க. என் அக்கா விதவை. ஒரே பையன். நான்தான் கேட்டாகணும்."

"கேளுங்க."

"உங்க வீட்டம்மாவுக்கு என்ன?"

"சாமின்னு சொல்றாங்க."

"ஊரு சொல்றத பஸ்ஸ்டாண்டுலயே கேட்டுட்டேன். நீங்க என்ன சொல்றீங்க? காலேஜ் படிச்ச பிள்ளை."

முன்னால் செம்மொழி தாம்பாளத்தோடு போய்க்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் நடையைக் குறைத்தாள்.

"சாமிதான்" என்றான் பரிதி.

சொல்லி முடித்ததும் வரப்பில் கால் வழுக்கியது. பகலவன் பின்னாலிருந்து முழங்கையைப் பிடித்து நிறுத்தினார்.

"அப்ப சரி தம்பி. இதுக்கு மேல நான் கேக்க மாட்டேன்."

பம்பைக்காரர்கள் படித்துறைக்கு மேலே நின்று ஆரம்பித்தார்கள். எழில்மொழி பிறந்த நட்சத்திரம், படித்த பள்ளிக்கூடம், கட்டிய தாலி எல்லாம் பாட்டில் வந்தது. முதலில் எழில்மொழியின் பெரியம்மாவைத்தான் முன்னே நிறுத்தினார்கள். அவள் மேல் எதுவும் சீக்கிரம் இறங்கிவிடும் என்று பேர். அவள் கண்ணை மூடி நின்றாள், கொட்டாவி விட்டாள், ஒன்றும் வரவில்லை. "ஆட்டோவுல வர்றா போல, லேட்டாவுது" என்று யாரோ முணுமுணுக்க, சிறு பெண்கள் சிரிப்பை அடக்கினார்கள். காத்தான் கோபமாகத் திரும்பிப் பார்த்தார். பம்பையின் வேகம் கூடியது.

பரிதி அப்போது செம்மொழியைப் பார்த்தான். கடைசிப் படியில், தண்ணீர் கணுக்காலைத் தொடுகிற இடத்தில் நின்றிருந்தாள். பம்பைச் சத்தத்துக்கு வலது காதைத் தோளில் அழுத்தினாள். பிறகு கண். ஓடுகிற ரயிலின் பெட்டிகளை நின்று பார்க்கிறவனுக்குக் கருவிழி ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போய் வெடுக்கென்று திரும்புமே, அப்படி. எதிரே ரயில் ஏதும் இல்லை. அவன் அந்தக் கண்ணை எத்தனையோ தடவை தன் வீட்டுத் தரையில் பார்த்திருக்கிறான்.

தாம்பாளம் விழுந்தது. சிவப்புப் புடவை தண்ணீரில் பிரிந்து மிதந்தது.

பெண்கள் குலவையிட்டார்கள். "வந்துட்டா, வந்துட்டா" என்று நாலு பேர் ஓடிப்போய்ப் பிடித்தார்கள். ஒருத்தி இடுப்பை, ஒருத்தி தலைமுடியை, இரண்டு பேர் இரண்டு கையை. அம்மன் என்றால் விலகி நிற்பார்கள். இது அவர்கள் வளர்த்த பிள்ளை, அதனால் விடவில்லை.

"எழிலு, எங்க கண்ணு" என்று அம்சவல்லி அவள் முகத்தைத் தன் முகத்தோடு சேர்த்து அழுத்திக்கொண்டாள். "வந்தியா. அம்மாவைப் பாக்க வந்தியா."

"விடுங்க" என்றாள் செம்மொழி.

"எப்படிடி விடறது? விட்டாப் போயிருவியே."

"தண்ணிக்குள்ள கூட்டிப் போங்க, குடத்தை அவ கையாலயே மொள்ளணும்" என்றார் பம்பைக்காரர். அவளை ஒரு படி இறக்கினார்கள். இன்னொரு படி. முழங்காலுக்கு வந்தது தண்ணீர். பகலவன் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கைகூப்பி நின்றார். செம்மொழி வாந்தி எடுத்தாள். "வயித்துல உள்ளத வெளியேத்துறா" என்றாள் பெரியம்மா பக்தியோடு. செம்மொழியின் கண் ஆடிக்கொண்டே கூட்டத்தில் யாரையோ தேடியது. யாரை என்று அவனுக்குத் தெரியும். எதற்கு என்று தெரியவில்லை. காப்பாற்றுங்கள் என்றா, வாயைத் திறக்காதீர்கள் என்றா.

இப்போது பேசினால் கல்யாணம் போகும். பேசாவிட்டால் அவளை வாழ்நாளுக்கும் தண்ணீரில் இறக்கிக்கொண்டே இருப்பார்கள்.

அவன் போய்ப் பம்பையின் தோல் மேல் உள்ளங்கையை வைத்து அழுத்தினான். அடி அவன் விரலில் விழுந்து நின்றது. உடுக்கை தனியாக இரண்டு தடவை ஒலித்துவிட்டு அதுவும் நின்றது. பரிதி தண்ணீரில் இறங்கி, பெண்களின் கைகளுக்கு இடையே புகுந்து செம்மொழியை இழுத்து வந்து படித்துறைச் சுவரோடு உட்கார வைத்தான். அவர்களும் விடாமல் கூடவே வந்தார்கள்.

"இது சாமி இல்ல" என்றான். "காது. உள்காதுல நீர் கட்டிக்குது. எழிலுக்கும் இதான். டாக்டர் சொன்னாரு."

"மாப்ள, பேசாம இருங்க" என்றார் காத்தான். "சம்பந்தி வீட்டாரு நிக்கறாங்க."

பகலவன் கண்ணாடியை மறுபடி மாட்டினார். "இப்பத்தான தம்பி சாமின்னீங்க?"

"பொய் சொன்னேன்."

"இந்தப் பொண்ணுக்கும் அதானா?"

பரிதி சொல்ல வேண்டியிருக்கவில்லை. செம்மொழி கண்ணை இறுக மூடிக்கொண்டு சுவரில் கன்னத்தை ஒட்டிக் கிடந்தாள். மூடிய இமைக்கடியில் விழி ஓடுவது எல்லாருக்கும் தெரிந்தது. இமையோரம் ஈரமாகியிருந்தது. பகலவன் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு படியில் உட்கார்ந்துவிட்டார், போகவில்லை.

அம்சவல்லிதான் அவன் பக்கம் திரும்பினாள். மகளின் கையை ஒரு கையால் பிடித்தபடியே.

"அப்ப எம்பொண்ணு கடைசியா சொன்னது? கரையிலயே வையுங்கன்னாளே. அதுவும் பொய்யா?"

"அவ அப்படிச் சொல்லல அத்தை."

"நீங்க ஒருத்தர்தான் கூடப் போனீங்க. ஒரு வருசமா கேக்கறேன், வாயைத் தொறக்க மாட்டேங்கறீங்க. நீங்க சொல்லாததாலதான் ஊரு சொல்லுச்சு. சொல்லுங்க, என்ன சொன்னா? சாமியா இல்லாட்டிப் போவட்டும். எம்மவ என்ன சொன்னா?"

அவன் யாரிடமும் சொன்னதில்லை. ஊருக்கு அதில் எடுத்துக்கொள்ள எதுவும் இல்லை. அன்று ஆம்புலன்ஸ் பள்ளத்தில் இறங்கி ஏறிக்கொண்டிருந்தது. ஆக்சிஜன் மாட்டியவன் அவள் தோளை அழுத்திப் பிடித்திருந்தான். குலுங்கக் குலுங்க அவளுக்குச் சுற்றல் கூடும் என்று பரிதி அவள் தலையை இரண்டு கையாலும் பிடித்திருந்தான். வேறு என்ன செய்வது என்று அவனுக்குத் தெரியவில்லை. அவள் மூக்கிலிருந்த மாஸ்க்கைத் தானே நகர்த்தினாள். அவனைப் பார்த்தாள் என்று சொல்ல முடியாது, விழி நிற்கவில்லை. குரல் தெளிவாகத்தான் இருந்தது. வீட்டில் சொல்வது மாதிரி.

செம்மொழியைப் பிடித்திருந்த கைகளை அவன் பார்த்தான். அதில் தன்னுடையதும் ஒன்று என்பதைப் பார்த்தான். அதை எடுத்தான்.

"சொல்லுங்க மாப்ள."

சொன்னான்.

"'கையை எடுங்க'ன்னா. 'யாரும் புடிக்காதீங்க. அதுவா நின்னுரும்.'"